விளையாட்டுக் கருவியும் ஒரு கணினியே

கணினி என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் நாம் தயங்காமல் விடை சொல்வோம். தரவுகளை உள்ளீடாகப் பெற்று, முறைவழிப்படுத்தி, தேக்கி வைத்து, தகவலாக வெளியிடும் இலத்திரனியல் சாதனம் கணினியாகும். இந்த வரைவிலக்கணத்தில் மேசை பற்றியோ பெரிய பெட்டி பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் கையில் வைத்து விளையாடும் கருவியை நாம் யாரும் கணினி என்று சொல்வதில்லை. பெற்றோர் பலருக்கு அது படிப்பின் எதிரி. அந்தக் கருவியையே மேசைக் கணினியாக எவ்வாறு பயன்படுத்தலாம், அது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விளையாட்டுக் கருவிக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதியதன்று. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவிக்கு வைத்த பெயரே 'குடும்பக் கணினி' என்பதாகும். அடுத்த ஆண்டே அதற்கு ஒரு சாவிப்பலகையும், பேசிக் மொழியில் செய்நிரல் எழுதும் வசதியும் விற்பனைக்கு வந்தன. சோனி நிறுவனம் 2002 இல் தனது பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு சாவிப்பலகை, சுட்டி, வன்தட்டு ஆகியவற்றுடன் லினக்ஸ் பணிசெயல் முறைமையையும் விற்றது. 2010 இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 கருவிகளை ஒன்றாக இணைத்து ஒரு மீக்கணினியையே அமைத்தது. விளையாட்டில் மலைகளையும் மனிதர்களையும் கண்முன்னே அசைய வைக்க மிகுந்த கணிப்பு வலு வேண்டும். அந்த வலுவை வேறு வேலைக்கும் திருப்பலாம் என்பதே இவற்றின் அடிப்படை.

இன்று இதற்குச் சிறந்த உதாரணம் ஸ்டீம் டெக். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் இதனை 2022 பெப்ரவரியில் வெளியிட்டது. அந்த முதல் வடிவத்தின் நிறை 669 கிராம்; திரை 7 அங்குலம். உள்ளே நான்கு கருக்கள் கொண்ட முறைவழியாக்கியும் 16 கிகாபைற் நினைவகமும் உள்ளன. நம்மில் பலரது வீட்டு மடிக்கணினியில் இதில் பாதி நினைவகமே இருக்கும். இதில் இயங்குவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறைமை. அதனுள் விளையாட்டுக்கு ஒரு முகமும், சாதாரண கணினியைப் போன்ற மேசைத்தளத்துக்கு இன்னொரு முகமுமாக இரண்டு முகங்கள் உள்ளன.

எங்கள் வீட்டுக்கு இது வந்தது நானா வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது. "இது வந்த நாளிலிருந்து பிள்ளைகள் புத்தகத்தைத் தொடப் போவதில்லை" என்று உம்மா கவலைப்பட்டார். நானா திரும்பிச் சென்ற பின் அது அலுமாரியில் கிடந்தது. எனக்கோ கணினி தேவைப்பட்டது. பூண்டுலோயாவில் ஓர் ஒப்படையைத் தட்டச்சுச் செய்ய வேண்டுமானால் டவுனுக்குப் போய் கொமியூனிகேஷன் கடையில் காத்திருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுக்க வேண்டும். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டால் தோட்டப்புறத் தோழிகள் வீடு திரும்புவதே சிரமம். பல்கலைக்கழக விண்ணப்பம் முதல் எல்லாமே இணையவழியாகிவிட்ட காலத்தில், வீட்டில் ஒரு கணினி இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு மாணவியின் வாய்ப்பையே மாற்றிவிடக்கூடியது.

மாற்றும் முறை எளிது. கருவியின் மின் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் மேசைத்தளத்துக்கு மாறும் தெரிவை எடுத்தால் சிறிது நேரத்தில் சின்னங்களும் பணிப்பட்டையும் கொண்ட திரை வந்துவிடும். வலப்பக்கத் தொடுபரப்பு சுட்டியாக வேலை செய்யும். ஆனால் 7 அங்குலத் திரையில் கட்டுரை எழுதுவது கண்ணுக்கும் கழுத்துக்கும் தண்டனை. ஆகவே யூ.எஸ்.பி. சி இணைப்புப் பெட்டி ஒன்று தேவை. ஒரு பக்கம் கருவியில் செருகப்பட, மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. துளை, சாவிப்பலகைக்கும் சுட்டிக்கும் துளைகள், மின்னேற்றத் துளை ஆகியன அதில் இருக்க வேண்டும். மின்னேற்றத் துளை இல்லாததை வாங்கினால் மின்கலம் தீரும் வரைதான் வேலை நடக்கும்.

எச்.டி.எம்.ஐ. வடத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் செருகினால் அதுவே கணினித் திரையாகும். எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தால் திரை அமைப்புகளில் அளவை 125 அல்லது 150 வீதமாக உயர்த்தலாம். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மென்பொருள்களை டிஸ்கவர் என்னும் செயலிக் களஞ்சியத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். உலாவிக்கு பயர்பொக்ஸ், கட்டுரை, விரிதாள், முன்வைப்பு ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்போருக்குத் தேவையான பைதன் மொழி முறைமையுடனேயே வருகிறது. தமிழ்99 சாவிப்பலகைத் தளக்கோலமும் அமைப்புகளில் உண்டு. இலங்கைத் தமிழ் என்பதன் கீழ் அதைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துகளின் இடம் கைக்குப் பழகச் சில வாரங்கள் செல்லும். இக்கட்டுரையின் முதற்படியை அதில்தான் தட்டச்சுச் செய்தேன்.

மலைநாட்டில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படி இல்லாவிட்டாலும் இடிமின்னல் காலத்தில் மின்சாரம் போய் வருவது நமக்குப் பழக்கம். மின்சாரம் போனால் மேசைக் கணினி அணைந்துவிடும்; சேமிக்காத வேலை போய்விடும். இங்கோ தொலைக்காட்சி மட்டுமே அணையும். கருவி தனது 40 வாற்று மணி மின்கலத்தில் தொடர்ந்து இயங்க, எழுதிக்கொண்டிருந்த பக்கம் அதன் சிறிய திரைக்குத் திரும்பிவிடும். சராசரியாக 8 வாற்று செலவாகும் இலேசான வேலை என்றால், 40 ஐ 8 ஆல் வகுக்க, 5 மணித்தியாலம் கிடைக்கும். மின்னல் வெட்டும்போது வடங்களைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடரலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதில் ஒளிப்படக் கருவி இல்லை; சூம் வகுப்பில் முகம் காட்ட வேண்டுமானால் வெளியே ஒன்று பொருத்த வேண்டும். மைக்ரோசொஃப்ட் ஒபிஸை விண்டோஸில் போல் நிறுவ முடியாது. உலாவியில் அதன் இணைய வடிவத்தைப் பயன்படுத்தலாம். லிப்ரே ஒபிஸில் செய்த ஆவணத்தை வேறிடத்தில் திறந்தால் சில வேளை பக்க அமைப்புக் குலையும். எனவே ஒப்படைக்கும் பிரதியை பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுப்பது நல்லது. வால்வ் நிறுவனம் இக்கருவியை இலங்கையில் நேரடியாக விற்பதில்லை என்பதால் பழுதானால் உத்தரவாதத்தைப் பெறுவதும் கடினம்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. படிக்க உட்கார்ந்த பிள்ளை விளையாடப் போய்விடாதா? போகலாம். விளையாட்டு ஒரு பொத்தான் தூரத்தில்தான் இருக்கிறது. ஸ்டீமின் குடும்பக் கணக்கில் பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்று பெற்றோர் வரையறுக்க முடியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு மேசைத்தளத்து உலாவியைக் கட்டாது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருப்பது முன் அறையில். எல்லோரும் நடமாடும் இடத்தில் பெரிய திரையில் வேலை செய்யும்போது தனியாகக் காவல் தேவைப்படுவதில்லை. உம்மா இப்போது அதிலேயே நானாவுடன் முகம் பார்த்துப் பேச ஒரு சிறிய ஒளிப்படக் கருவியும் வாங்கச் சொல்லியிருக்கிறார்.

கணினி தேவை என்பதற்காக இதனைப் புதிதாக வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. படிப்புக்கு மட்டும் என்றால், அந்தப் பணத்துக்குச் சாவிப்பலகையும் திரையும் சேர்ந்தே உள்ள மடிக்கணினி, பாவித்ததானாலும், மேலானது. ஆனால் உறவினர் கொண்டு வந்த கருவி வீட்டில் சும்மா கிடக்கிறதென்றால், ஓர் இணைப்புப் பெட்டி, ஒரு சாவிப்பலகை, ஒரு சுட்டி ஆகிய மூன்றின் செலவோடு முழுமையான கணினி ஒன்று கிடைத்துவிடும். சாம்சங்கின் சில உயர்தரக் கையடக்கத் தொலைபேசிகளிலும் 2017 முதல் டெக்ஸ் என்ற பெயரில் இத்தகைய மேசைத்தள வசதி உண்டு. தோழிகளே, புதிதாக ஒன்றை வாங்கித் தருமாறு வாப்பாவிடம் கேட்பதற்கு முன், வீட்டில் ஏற்கனவே இருப்பவற்றின் அமைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள்.