பட்டன் நகர்ந்துச்சு, டச் நகரல: ஆப் அனிமேஷன் கருவிகள் மாறிய கதை

லைக் பட்டனைத் தட்டுறீங்க. இதயம் ஒரு துள்ளு துள்ளி, சிவப்பாகி அடங்குது. கண் சிமிட்டுற நேரம்தான். ஆனால், 2010 வாக்கில் இப்படி ஒரு அசைவைக் கொண்டுவர ஆண்ட்ராய்டு டெவலப்பர்கள் பட்ட பாடு தனி!

அப்போது இருந்த 'வியூ அனிமேஷன்' கருவியில் விசித்திரமான ஒரு குறை. பட்டனை வலப்பக்கம் நகர்த்தினால், அதோட படம் மட்டும்தான் நகரும். நிஜ பட்டன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் பட்டனைத் தட்டினால் ஒண்ணும் நடக்காது. காலியா இருக்கிற இடத்தைத் தட்டினால் வேலை செய்யும்! 2011-ல் ஆண்ட்ராய்டு 3.0 உடன் வந்த 'பிராப்பர்ட்டி அனிமேஷன்'தான் இதைத் தீர்த்தது. படத்தை நகர்த்தாமல், பட்டன் இருக்கும் இடத்தின் மதிப்பையே அது மாற்றியது.

அடுத்த சிக்கல் இரண்டு பேருக்கு நடுவில். டிசைனர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அழகா செஞ்சு கொடுப்பார். டெவலப்பர் அதைப் பார்த்துப் பார்த்து கோடிங்கில் மறுபடி உருவாக்கணும். 2017-ல் ஏர்பிஎன்பி இலவசமாக வெளியிட்ட 'லாட்டி' இந்த வேலையை வெகுவாகக் குறைத்தது. டிசைனரின் அனிமேஷனை 'பாடிமூவின்' என்ற ப்ளக்-இன் ஜேசன் ஃபைலாக மாற்றும். லாட்டி அதை போனில் ஓட்டும். (1926-லேயே முழுநீள நிழலுருவ அனிமேஷன் படம் எடுத்த ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகர் நினைவாக வைத்த பெயர் இது.)

ஸ்விஃப்ட்யூஐ (2019), ஜெட்பேக் கம்போஸ் (2021) வந்தபிறகு இன்னும் சுலபம். தொடக்கமும் முடிவும் சொன்னால் போதும், நடுவில் நடப்பதைக் கருவியே பார்த்துக்கும்.

சுலபமானதுதான் இப்போ பிரச்சினையே. தேவையோ இல்லையோ, எல்லாமே ஆடுது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமை வரையக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். விலை குறைந்த போன் அதைத் தவறவிட்டால் திரை திக்கும். டெவலப்பர் கையில் இருக்கும் புது போனில் அது தெரியவே தெரியாது.

உடம்புக்கும் ஒத்துக்கணும். 2013-ல் ஐஓஎஸ் 7-ன் ஜூம் அசைவுகளால் தலைசுற்றல், குமட்டல் வருதுன்னு பலர் புகார் செய்தார்கள். 7.0.3 அப்டேட்டில் 'ரெட்யூஸ் மோஷன்' வசதியை ஆப்பிள் விரிவாக்கியது.

உங்களுக்கும் அப்படி இருந்தா, செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி பகுதிக்குப் போங்க. ஐபோனில் 'ரெட்யூஸ் மோஷன்', ஆண்ட்ராய்டில் 'ரிமூவ் அனிமேஷன்ஸ்'. போனோட சொந்த அசைவுகள் பெரும்பாலும் அடங்கிடும். ஆப்புக்குள்ளயும் அடங்கணும்னா, பல நேரம் டெவலப்பர் அந்த செட்டிங்கைக் கவனிச்சு கோட் எழுதியிருக்கணும்.