1988-இன் கணினிப் புழுவும் முதலாண்டுப் பாடமும்

கணினி அறிவியல் படிப்பின் இறுதியாண்டில் விருப்பப் பாடமாக ஓரத்தில் இருந்த இணையப் பாதுகாப்பு, இன்று தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் தனிப் பட்டப் பிரிவாகவே நடத்தப்படுகிறது. மாணவருக்கும் பெற்றோருக்கும் இப்பிரிவு பெரும்பாலும் வேலைவாய்ப்பின் வழியாகவே அறிமுகமாவதால், ஊடுருவல் கருவிகளை இயக்கும் பயிற்சியையும் அதற்கான சான்றிதழையுமே அவர்கள் முதலில் எதிர்பார்க்கின்றனர். கருவிகள் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடுகின்றன. அவை பயன்படுத்திக்கொள்ளும் பிழைகளோ அரை நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை. ஒரு நிரல் எதை நம்புகிறது, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று கேட்கும் பழக்கத்தை நிதானமாக ஊட்டுவதற்குப் பல்கலைக்கழகத்தைவிடத் தகுந்த இடம் இல்லை. அடிப்படைப் பாடம் என்று சொல்லத்தக்கதும் அப்பழக்கமே.

இதை விளக்குவதற்கு 1988 நவம்பர் 2 அன்று நடந்த நிகழ்வுக்கு நிகரான பாடப்பொருள் அரிது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவராக இருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதி, எம்ஐடி நிறுவனத்தின் கணினி ஒன்றிலிருந்து வெளியே விட்ட ஒரு நிரல், அன்றைய இணையத்தில் யுனிக்ஸ் வகை இயங்குதளத்தைக் கொண்டிருந்த வாக்ஸ், சன்-3 கணினிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தானாகவே பரவியது. எவரும் ஒரு கோப்பைத் திறக்கவோ இணைப்பைச் சொடுக்கவோ தேவையின்றி, வலையமைப்பின் வழியே தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு நகரும் இத்தகைய நிரலுக்குக் கணினிப் புழு என்று பெயர். அப்போது இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் 6,000 வரை அதற்கு இரையாயின என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, எந்த ஆவணத்தையும் மாற்றவில்லை. ஏற்கெனவே தன் படி இருக்கும் கணினியைப் பெரும்பாலும் விட்டுவிடும்படி எழுதப்பட்டிருந்தபோதிலும், ஏழு முறைக்கு ஒரு முறை அந்தச் சோதனையின் முடிவைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படியும் அதில் ஏற்பாடு இருந்ததால், ஒரே கணினியில் பல படிகள் குவிந்து, வேறு எந்த வேலைக்கும் இடமின்றி எந்திரம் திணறிப்போயிற்று. தகவல் உரியவருக்கு மட்டுமே தெரிவது, அனுமதியின்றி மாறாமல் இருப்பது, வேண்டிய நேரத்தில் கிடைப்பது ஆகிய மூன்றையும் பாதுகாப்பின் மூன்று நோக்கங்களாகப் பாடநூல்கள் முதல் அத்தியாயத்திலேயே வரையறுக்கின்றன. முதல் இரண்டும் பெரும்பாலும் குலையாதபோதும் மூன்றாவது மட்டும் குலைந்தாலே ஒரு நாட்டின் ஆய்வுக்கூடங்கள் முடங்கக்கூடும் என்பதை அந்த வரையறையைவிட இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

புழு நுழைந்த வழிகள் ஒவ்வொன்றும் இன்றைய பாடத்திட்டத்தின் ஓர் அலகாக விரிகிறது. ஒரு கணினியில் யார் பணியில் இருக்கிறார் என்று வெளியிலிருந்து கேட்பவருக்கு விடை சொல்ல ஃபிங்கர் என்ற சேவை அன்று பரவலாக இருந்தது. வரும் கேள்வியை வைத்துக்கொள்ள அது நினைவகத்தில் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வந்தது எவ்வளவு நீளம் என்று மட்டும் அளந்து பார்க்கவில்லை. புழு 536 பைட் அனுப்பியது. ஒரு செயற்கூறு தன் வேலையை முடித்ததும் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரியும் நினைவகத்தில் அதே பகுதியில்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மிகுதியான பைட்டுகள் அந்த முகவரியின்மேல் வழிந்து அதை மாற்றிவிட்டதால், கணினி பழைய இடத்துக்குத் திரும்பாமல் புழு அனுப்பிய கட்டளைகளையே இயக்கத் தொடங்கியது. வாக்ஸ் கணினிகளுக்கென எழுதப்பட்ட இத்தாக்குதல் சன் கணினிகளில் பலிக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தாக்குபவர் எந்திரத்தின் உள்ளமைப்பை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

இடையக வழிவு எனப்படும் இப்பிழையைப் படித்தறிவதற்கும் கண்ணால் காண்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆய்வகத்தில் மாணவர் சி மொழியில் 16 பைட் இடையகம் கொண்ட பத்து வரி நிரல் ஒன்றை எழுதி, அதற்கு உள்ளீடாக ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’யை நாற்பது ஐம்பது முறை வரிசையாகத் தருகிறார். நிரல் முறிந்து நிற்கிறது. பிழைதிருத்தி மென்பொருளில் திறந்து பார்த்தால், 32 பிட் கணினியில் திரும்ப வேண்டிய முகவரி இருந்த இடத்தில் 41414141 என்ற எண் நிற்கிறது. கணினியில் ‘ஏ’ எழுத்துக்குரிய பதினாறடிமானக் குறியெண் 41. தாம் தட்டிய எழுத்தே எந்திரம் அடுத்துச் செல்லவேண்டிய முகவரியாக மாறியிருப்பதை மாணவர் அந்தத் திரையில் காண்கிறார். அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்லியாங் டு 2002-இல் தொடங்கிய சீட் ஆய்வகப் பயிற்சிகள், இத்தகைய சோதனைகளை எந்த நாட்டுக் கல்லூரியும் கட்டணமின்றி நடத்திக்கொள்ள வழிசெய்துள்ளன. முகவரிகளை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைப்பது, திரும்பும் முகவரிக்கு முன்னால் காவல் எண் ஒன்றை நிறுத்துவது போன்ற இன்றைய தற்காப்புகளை முதலில் அணைத்துவிட்டுத் தாக்குவதும், பின்னர் ஒவ்வொன்றாக இயக்கி அது எதைத் தடுக்கிறது என்று பார்ப்பதும் அங்குக் கையாளப்படும் முறை.

புழுவின் இரண்டாவது வழி அஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் மென்பொருள். நிரலாளர்கள் சோதனைக்காக வைத்திருந்த ஒரு பிழைதேடும் வசதி பல கணினிகளில் அணைக்கப்படாமலே இருந்தது. பெறுநரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கட்டளைத் தொடரைக் கொடுத்தால் அவ்வசதி அதை அப்படியே இயக்கிவிடும். தகவலாக வந்தது கட்டளையாக ஏற்கப்பட்டது என்ற இதே பிழைதான், 1998-இல் பொதுவெளியில் விவரிக்கப்பட்டு இன்றுவரை இணையதளங்களை அலைக்கழிக்கும் எஸ்க்யூஎல் ஊடுருவலுக்கும் மூலம். அங்குப் பெயர் கேட்கும் பெட்டியில் தட்டப்பட்ட எழுத்துகள் தரவுத்தளத்துக்குரிய ஆணையாகிவிடுகின்றன. ஒரு கணினியில் அனுமதி பெற்றவரை மறு கணினி கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும் அன்றைய ஏற்பாடு மூன்றாவது வழி. அனுமதி தரப்படாத வரை மறுப்பதே இயல்புநிலையாக இருக்க வேண்டும், எவருக்கும் தம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் அதிகாரம் இருக்கலாகாது, ஒவ்வோர் அணுகலும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்பட வேண்டும் என்று எம்ஐடியைச் சேர்ந்த சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இலேயே எழுதியிருந்தனர். அவர்கள் வகுத்த எட்டு நெறிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதைக் காட்டிலும், 1988-இல் அவற்றுள் எவை எங்கு மீறப்பட்டன என்று மாணவரையே கண்டுபிடிக்கச் செய்வது நூறு மடங்கு பயன் தரும்.

நான்காவது வழி கடவுச்சொல். இதன் வரலாறு செறிவானது. பெல் ஆய்வகத்தில் இருவர் 1979-இல் வெளியிட்ட கட்டுரை, பயனர்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, அவற்றுள் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியனவாகவோ அகராதியில் கிடைக்கும் சொற்களாகவோ இருந்ததைக் காட்டியது. அதை எழுதியவர்களுள் ஒருவர் கென் தாம்ப்சன். மற்றவர், புழுவை எழுதிய மாணவரின் தந்தையான ராபர்ட் மாரிஸ். கடவுச்சொல்லை உள்ளபடி சேமிக்காமல், பின்னோக்கித் திருப்ப முடியாத கணக்கின் வழியே உருமாற்றிச் சேமிக்க வேண்டும் என்பதும், இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் சேமிப்பில் வேறுபட்டுத் தெரியும்படி ஒவ்வொருவருக்கும் ‘உப்பு’ எனப்படும் தற்செயல் எண் ஒன்றைக் கலக்க வேண்டும் என்பதும் அக்கட்டுரை விளக்கும் ஏற்பாடுகள். உருமாறிய வடிவத்தை ஹாஷ் என்பர். ஆனால் அந்த ஹாஷ்கள் இருந்த கோப்பை அன்று எவரும் படிக்க முடிந்தது; புழு அதைப் படித்து, பயனரின் பெயரையும், பெயரைத் திருப்பி எழுதியதையும், தன்னிடமிருந்த 432 சொற்களையும் ஒவ்வொன்றாக உருமாற்றி ஒப்பிட்டுப் பல கணக்குகளைத் திறந்தது.

இத்தனைக்கும் பின்னர், 2009-இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டபோது அவை எந்த உருமாற்றமும் இன்றி உள்ளபடியே கிடந்தன; 123456 என்பதை மட்டும் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் வைத்திருந்தனர். 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியானவை ஹாஷ்களே எனினும் அவற்றில் உப்பு கலக்கப்படவில்லை. முப்பது ஆண்டு முன்பே தீர்வு எழுதப்பட்ட ஒரு சிக்கலில் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருப்பது வேதனைக்குரியது. அந்தத் தளங்களைக் கட்டியவர்கள் அடிப்படையைக் கற்காமலோ கற்றும் பொருட்படுத்தாமலோ இருந்திருக்க வேண்டும். மறுபுறம், சிக்கலான சொல்லைத் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை மாற்றும்படி பயனரை நெருக்குவதும் பாதுகாப்பாகாது. அப்படி நெருக்கப்பட்டவர் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டுகிறார், அல்லது சொல்லைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டுகிறார். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் இக்கட்டாயங்களைக் கைவிடும்படி அறிவுறுத்தி, நீளமான சொற்றொடர்களை அனுமதிக்கச் சொன்னது. மனிதரின் இயல்பை மீறும் காவல் நிலைக்காது என்பது சால்ட்சர்-ஷ்ரோடர் நெறிகளுள் கடைசி நெறி. பாடத்திட்டங்களில் மிகக் குறைவான நேரம் பெறுவதும் அதுவே.

தாக்கும் வழியைக் கற்பித்தால் தாக்குபவரையே உருவாக்கியதாகாதா என்ற அச்சம் நியாயமானது. ஆகவேதான் ஆய்வகம் வெளி வலையமைப்போடு தொடர்பற்ற மெய்நிகர் கணினிகளில் இயங்க வேண்டும். சட்டமும் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும். சேதம் விளைவிக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்று வாதிட்ட ராபர்ட் டாப்பன் மாரிஸுக்கு, 1986-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் 1990-இல் விதிக்கப்பட்டன; பிற்காலத்தில் அவர் எம்ஐடியிலேயே பேராசிரியரானார். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவதைப் பிரிவு 43-இல் இழப்பீட்டுக்கு உரியதாக்குகிறது. அதையே நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இலங்கையில் இதற்கென 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உண்டு. தம் கல்லூரியின் தேர்வு முடிவுத் தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று ஆர்வத்தால் தட்டிப் பார்க்கும் மாணவரும் இச்சட்டங்களின் எல்லைக்குள் வரக்கூடும்.

புழு பரவிய அந்நாட்களில், எதைச் செய்ய வேண்டும் என்று கேட்க நிர்வாகிகளுக்கு ஒரு பொது இடம் இருக்கவில்லை. அக்குறையைப் போக்கவே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு 1988 முடிவதற்குள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தது. இந்தியாவின் செர்ட்-இன் 2004 முதல் அத்தகைய பணியைச் செய்துவருகிறது. மென்பொருளில் குறை காண்பவர் அதை அம்மையத்துக்குத் தெரிவிக்கலாம். எந்தப் பதிப்பில் குறை உள்ளது, எந்தப் படிகளைப் பின்பற்றினால் அது மீண்டும் வெளிப்படுகிறது, யாருக்கு என்ன கேடு விளையும் என்பவற்றை மிகைப்படுத்தாமல் எழுதி, திருத்தம் வெளியாகும்வரை பொதுவெளியில் பேசாமல் காத்திருப்பதே முறை. அத்தகைய அறிக்கை ஒன்றைத் தெளிவாக எழுதும் பயிற்சிக்கு, ஆய்வகத் தேர்வில் தாக்குதலுக்குத் தரப்படும் அளவுக்கேனும் மதிப்பெண் தரப்பட வேண்டும்.