மைசூருவில் வீட்டுக் கழிவுநீரும் அரசு மானியமும்

தூய்மையின் அடிப்படையில் நகரங்களை வரிசைப்படுத்தி மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட பட்டியலில் மைசூரு முதலிடம் பெற்றது. 73 நகரங்களிடையே நடைபெற்ற 2016 ஆம் ஆண்டு மதிப்பீட்டிலும் அச்சிறப்பு அதற்கே கிட்டியது. ஆயினும், விரிந்துவரும் எந்நகரிலும் பாதாளச் சாக்கடை சென்று சேருமுன்னரே வீடுகள் எழுந்துவிடுகின்றன. அவ்வீடுகளின் கழிவுநீருக்கு வழி என்ன?

2014 அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா இயக்கத்தின் நகர்ப்புற விதிமுறைகள் இதற்கு விடை கூறின. கழிப்பறையில்லாத குடும்பத்திற்கு மத்திய அரசு 4,000 ரூபாய் வழங்க, மாநில அரசின் பங்கும் அதனுடன் சேர்ந்தது. 30 மீட்டருக்குள் பாதாளச் சாக்கடை இருப்பின் கழிப்பறையை அதனுடன் இணைத்தல் வேண்டும். இல்லையேல் இரட்டைக் குழியோ செப்டிக் டாங்கோ அமைத்தல் வேண்டும். ஊரகப் பகுதிகளில் தகுதியுடைய குடும்பத்திற்கு 12,000 ரூபாய் அளிக்கப்பட்டது.

பொதுப்பணம் ஏன்?

தனியார் வீட்டுத் தொட்டிக்குப் பொதுப்பணம் ஏன் என்ற ஐயம் எழலாம். மைசூரு காவிரிக்கும் கபினிக்கும் இடைப்பட்ட மேட்டில் அமைந்துள்ளது. இவ்விரு ஆறுகளும் திருமகூடலு நரசிபுரத்தில் கூடித் தமிழகம் நோக்கி வருகின்றன. ஒரு வீட்டின் கழிவு அண்டை வீட்டுக் கிணற்றையும் ஆற்றோர ஊர்களையும் பாதிக்கக்கூடும். தொட்டியின் பயன் பலருக்கும் சேர்வதால், செலவில் ஒரு பகுதியைச் சமுதாயம் ஏற்பதே முறையாகும்.

கட்டியபின் வரும் செலவு

தொட்டியில் திடக்கழிவு அடியில் தங்கிக் கசடாகிறது. நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியையே சிதைக்கின்றன. வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் எஞ்சியிருக்கும். எனவே அந்நீர் உறிஞ்சு குழி வழியே மண்ணில் வடிய வேண்டும். அதனைத் தெருச் சாக்கடையில் விடுவது மானியத்தின் நோக்கத்தையே வீணாக்கிவிடும்.

கசடையும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். கட்டுமான மானியம் இச்செலவை ஏற்பதில்லை. வருவாய் குறைந்த குடும்பம் இதனைத் தள்ளிப்போடுவது இயல்பே. நிரம்பிய தொட்டியிலிருந்து கசடு வழிந்தோடும்; அல்லது ஒரு தொழிலாளி உள்ளே இறக்கப்படுவார். பாதுகாப்புக் கருவிகளின்றி அவ்வாறு இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. எனினும், நச்சுவாயுவால் நேரும் உயிரிழப்புகள் முற்றிலும் நின்றபாடில்லை.

2020-இல் ஒப்புதல் பெற்ற ஊரக இயக்கத்தின் இரண்டாம் கட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்து வகுக்கப்பட்டது. குளியலறை, சமையலறைக் கழிவுநீர் மேலாண்மைக்கு, 5,000 மக்கள்தொகை வரையுள்ள கிராமங்களில் நபருக்கு 280 ரூபாய் வரையிலும், பெரிய கிராமங்களில் 660 ரூபாய் வரையிலும் உதவி வரையறுக்கப்பட்டது. இதில் 30 விழுக்காட்டை ஊராட்சிகள் நிதிக்குழு மானியத்திலிருந்து ஏற்க வேண்டும். மலக்கசடு மேலாண்மைக்கும் தனியே நிதி வகுக்கப்பட்டது.

இந்நோக்கு ஒவ்வொரு வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும். மானியத்தின் இறுதித் தவணைக்கு முன் உறிஞ்சு குழியையும், கசடு அகற்றும் ஊர்தி வருவதற்கான வழியையும் அலுவலர்கள் நேரில் காண வேண்டும். ஒவ்வொரு தொட்டியும் உள்ளாட்சிப் பதிவேட்டில் இடம்பெற்று, உரிய ஆண்டில் குறைந்த கட்டணத்தில் தூய்மை செய்யப்பட வேண்டும். அப்போதுதான் வழங்கிய மானியம் முழுப்பயன் அளிக்கும்.