சுண்ணாம்புப் புள்ளியும் பழைய படமும்

வரக்காப்பொலச் சுற்றாடலிலுள்ள இறப்பர்த் தோட்டங்களில், முன்னாளிற் சயரோகம் கண்டு குணமடைந்த முதியோர் சிலரை நாம் அறிவோம். அத்தகையோரின் எக்ஸ் கதிர்ப் படத்தில் வெண்புள்ளியொன்று தென்படுவதுண்டு. நோய் ஆறிய இடத்திற் கல்சியம் படிந்து இறுகிய தழும்பே அது. நடுவிலோ, அடுக்கடுக்காகவோ, கட்டி முழுவதுமோ படிந்த சுண்ணாம்பு பெரும்பாலும் தீங்கற்றது. சோளப்பொரி போன்ற படிவு, ‘ஹமர்ட்டோமா’ என்னும் சாதுவான கட்டிக்குரியது.

ஆயினும், சுண்ணாம்பைக் கண்டவுடன் ஐயத்தைக் கைவிடலாகாது. சி.ரி. படத்திற் பார்க்குமிடத்து, நுரையீரற் புற்றுநோய்களுள் நூற்றுக்கு 6 முதல் 10 வரையானவற்றிலும் அது காணப்படுகிறது. அருகே வளரும் புற்று, பழைய தழும்பைத் தன்னுள் அடக்கிக்கொள்வதும் உண்டு. புள்ளி ஓரமாக ஒதுங்கியோ, பொடிப்பொடியாகச் சிதறியோ இருப்பின், ஊசியால் இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதிப்பர். சிகிச்சையைத் தீர்மானிப்பது சுண்ணாம்பன்று. புற்றின் வகையும் அது பரவிய அளவுமே. பரவாத கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் உண்டு.

வைத்தியர் முதலிற் கேட்பது பழைய படத்தையே. ஈராண்டுகளாக மாறாத திண்ணிய கட்டி பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. எம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் படத்தையோ, சூரிய கிரகணம் பார்க்கவெனச் சிறுவர் துண்டுதுண்டாக வெட்டிவிட்டனர். (கண்ணுக்கும் அது கேடு!) ஒப்பிட வேறு படமின்மையால், அவர் ஊசிச் சோதனைக்கு உட்பட நேர்ந்தது. கண்டது பழைய தழும்புதான். முடிவு வரும்வரை வீட்டில் எவரும் உறங்கவில்லை.