365 படி... ஒரு மயில்!

நியூ இயர் சபதம் எடுத்தாச்சா? 'தினமும் ஜிம்', 'காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்' வகையறா சபதமெல்லாம் பொங்கல் லீவு முடியறதுக்குள்ள காணாமப் போயிடும். இந்தத் தடவை கொஞ்சம் மாத்தி யோசிங்க. வருஷம் பூரா ஒரே ஒரு யோகாசனம். அதுவும், இப்போ உங்களால சுத்தமா முடியாத ஒண்ணு!

'ஒரே ஆசனத்தை ஒரு வருஷமா?'ன்னு வாயைப் பிளக்காதீங்க. அம்மையார்குப்பத்துக்காரங்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பக்கத்துல இருக்கிற திருத்தணி மலைக்கு 365 படி. நாளுக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க. டிசம்பர் 31-ம் தேதி படித்திருவிழாவுல ஒவ்வொரு படியிலும் திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. ஊர்த் தொழிலான நெசவும் அதே கதைதான். நாடா ஒரு தடவை ஓடினா ஒரு இழை. அவ்வளவுதான் சேரும்!

சரி, எந்த ஆசனம்? முருகன் ஏரியாவாச்சே... மயில்தான். மயூராசனம்! ரெண்டு உள்ளங்கையையும் விரல்கள் கால் பக்கம் பார்க்கிற மாதிரி தரையில ஊனி, முழங்கைகளை ஒட்டி வயித்துல முட்டுக் கொடுத்து, மொத்த உடம்பையும் பலகை மாதிரி தூக்கி நிறுத்தணும். பி.கே.எஸ்.அய்யங்கார் 1966-ல வெளியான 'லைட் ஆன் யோகா' புத்தகத்துல ஆசனங்களோட கஷ்டத்துக்கு 1-லிருந்து 60 வரை மார்க் போட்டிருக்கார். மயூராசனத்துக்கு 9. 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு சிரிக்காதீங்க. தலைகீழா நிக்கிற சிரசாசனத்துக்கே 4 தான்! அந்த அய்யங்காரும் சின்ன வயசுல மலேரியா, டைஃபாய்டு, காசநோய்னு படுத்துக் கிடந்த நோஞ்சான்தான்.

ப்ளான் இதுதான். முதல் மூணு மாசம் மயிலைத் தொடவே தொடாதீங்க. மணிக்கட்டைச் சுழற்றி, மடக்கிப் பழக்குங்க. ஏன்னா, முழு எடையும் விழறது அங்கதான். அவசரப்பட்டா சுளுக்கு நிச்சயம். தறியில கை ஓயாதவங்களும், கீபோர்டைத் தட்டுறவங்களும் டபுள் கவனம். அடுத்த மூணு மாசம், கால் தரையிலேயே இருக்கட்டும். முழங்கையில சாய்ஞ்சு மட்டும் பழகுங்க. ஜூன் 21, சர்வதேச யோகா தினம், 172-வது படி. அன்னிக்கு ஒரு காலைத் தூக்கிப் பாருங்க. மிச்ச நாளெல்லாம் ரெண்டு காலுக்கும்!

கண்டிஷன்ஸ்: வெறும் வயிறு கட்டாயம். பி.பி., ஹெர்னியா, மணிக்கட்டு வலி இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் இதை விட்டுட்டு வேற ஆசனம் தேர்ந்தெடுங்க. ஆரம்பத்துல ஆசிரியர் பக்கத்துல இருந்தே ஆகணும்.

டிசம்பர்ல மயில் எழும்பலைன்னா? போகட்டுமே! ஜனவரியில அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நிக்காத ஆள், தினம் பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கீங்களே... அந்த ஆளை யாரும் உங்ககிட்டேருந்து பறிக்க முடியாது. அதுக்கப்புறம் அரியர் பேப்பரா இருந்தாலும் இன்டர்வியூவா இருந்தாலும், 'இன்னிக்கு ஒரு படி'ன்னு இறங்கிடுவீங்க.

பாயை விரிங்க பாஸ்!