உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சல் விட்ட பிறகே டெங்குவில் ஆபத்து!

டெங்குவில் உடம்பு அனலாய்க் கொதிக்கும் நாட்களைவிட, காய்ச்சல் இறங்கும் நேரமே அபாயகரமானது.

பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களில் காய்ச்சல் தணியும். அப்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். ரத்த அழுத்தம் சரியும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ‘காய்ச்சல் விட்டாச்சு’ என்று அன்றே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெருந்தவறு.

• கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

• பாராசிட்டமால் போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

• 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்தக் காய்ச்சலானாலும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே மருத்துவரிடம் ஓடுங்கள்.