கடைசி வருடப் பிராஜக்டும் நம் ஊர்த் தண்ணீரும்

பூதிகோட்டை:

ஐதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரத்தில் இடம்பெற்றது பூதிகோட்டை. இன்று இந்த ஊரிலும் பங்காருபேட்டை, தங்கவயல் பகுதிகளிலும் வீட்டுக்கு ஒருவராவது கல்லூரியில் படிக்க வேண்டும் என்று பெற்றோர் பாடுபடுகிறார்கள். 2001 பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை முடித்து, இரவில் வீடு திரும்பும் தகப்பன்மார் ஏராளம். அந்த உழைப்பில் ஒரு பெரும்பங்கு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கே போகிறது.

பொறியியல் படிப்பின் கடைசி வருடத்தில் மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு பிராஜக்ட் செய்ய வேண்டும். இதைச் சொந்தமாகச் செய்கிறவர்களும் உண்டு. தயாராக விற்பதைக் கடையில் வாங்கி வந்து ஒப்படைக்கிறவர்களும் உண்டு. வாங்கியது பரீட்சை முடிந்ததும் பரணுக்குப் போய்விடுகிறது. அப்பா பட்ட கடனில் வாங்கிய பொருளால் பையனுக்கும் பயனில்லை, ஊருக்கும் பயனில்லை.

மன்றம் தரும் உதவி

இதற்கு ஒரு நல்ல மாற்று வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பெங்களூரில் நாம் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில், கர்நாடக மாநில விஞ்ஞான தொழில்நுட்ப மன்றம் இயங்கி வருகிறது. 1975-ல் ஏற்பட்ட இந்த மன்றம், 1977 முதல் மாணவர் பிராஜக்ட் திட்டத்தை நடத்தி வருகிறது. கடைசி வருட மாணவர்கள் தங்கள் யோசனையை எழுதி, வழிகாட்டும் ஆசிரியரின் ஒப்புதலுடன் கல்லூரி மூலமாக அனுப்பலாம். தேர்வாகும் பிராஜக்டுக்குச் சிறு தொகை உதவியாகக் கிடைக்கும். நிபுணர்கள் வந்து பார்வையிட்டுக் குறைநிறை சொல்வார்கள். சிறந்தவை மாநில அளவிலான கருத்தரங்கிலும் கண்காட்சியிலும் இடம்பெறும்.

மன்றத்தின் தொடக்க காலத்தில் அதன் செயலாளராக இருந்தவர் பேராசிரியர் அமுல்யா ரெட்டி. மின்வேதியியல் நிபுணரான அவர், 1974-ல் விஞ்ஞானக் கழகத்தில் 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்ப அமைப்பை உருவாக்கினார். அவருடைய குழுவினர் தும்கூர் மாவட்டத்து உங்ரா கிராமத்தில் ஒரு மையமே அமைத்து, அங்குள்ள பெண்கள் எத்தனை மணி நேரம் விறகு பொறுக்குகிறார்கள், அடுப்பில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று கணக்கெடுத்தார்கள். பழைய அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பாத்திரத்துக்குச் சேரவில்லை என்று தெரிந்தது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் புகைபோக்கி வைத்த அஸ்த்ரா அடுப்பு. வீட்டு வாசலில் நின்று கேட்டதால் கிடைத்த விடை அது.

ஒரு கிலோவுக்கும் குறைவு

'பட்டப்படிப்பு மாணவர்களால் என்ன ஆகும்?' என்று சிலர் கேட்கலாம். பெங்களூர், ஐதராபாத் பகுதிகளைச் சேர்ந்த ஏழு கல்லூரிகளின் மாணவர்கள் கூடி 'ஸ்டட்சாட்' என்ற செயற்கைக்கோளைச் செய்தார்கள். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 2010 ஜூலை 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது விண்ணில் ஏவப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமோ 1969-லேயே பட்டப்படிப்பு மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளத் தனித் திட்டம் தொடங்கிவிட்டது.

நம் ஊரில் காத்திருப்பவை

வானம் வரை போக வேண்டாம். நம் காலடியிலேயே வேலை இருக்கிறது. கோலார் மாவட்டத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும். வெகுகாலம் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினாலும் இது போகாது. நாகபுரி ஆய்வகத்தார் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து இதை நீக்கும் முறையைக் கண்டார்கள். டாடா இன்ஸ்டிட்யூட் சிவில் துறையினர் மக்னீசியம் ஆக்சைடைக் கொண்டு வீட்டிலேயே நீக்கும் முறையை உருவாக்கினார்கள்.

முறை இருந்தால் மட்டும் போதுமா? யார் கலக்குவது, எவ்வளவு நேரம் தெளியவிடுவது, அடியில் தங்கும் வண்டலை எங்கே கொட்டுவது, ஆறு மாதம் கழித்தும் வீட்டார் அதைச் செய்கிறார்களா என்பதையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். உள்ளூர் மொழி தெரிந்த, உள்ளூரில் பிறந்த மாணவனைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

இன்னொன்று, தங்கவயலின் சயனைடு மண்மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் இந்த மண், காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. தங்கவயலில் 1988-ல் தோன்றிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இம்மண்ணுடன் சிமெண்டையும், தனியே கரிசல் மண், செம்மண்ணையும் கலந்து செங்கல் செய்து பார்த்து, 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். செங்கல் உருவாகிறது என்பது தெரிந்தது. அதில் நச்சு கசியாதா, மழையில் நிற்குமா, விலை கட்டுமா என்பதைத் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே சுவர் எழுப்ப வேண்டும். இந்தச் சோதனைகளில் ஒவ்வொன்றும் ஒரு வருடப் பிராஜக்டுக்குத் தகுந்த வேலை.

புதிய கருவி வந்தால் கிராமத்தார் கையாள மாட்டார்கள் என்று தயங்க வேண்டியதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு சமுதாய வானொலி உரிமமே கிடைக்காத காலத்தில், இதே பூதிகோட்டையில் 'நம்ம த்வனி' என்ற பெயரில் கேபிள் வழியாக நிகழ்ச்சிகளை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவற்றைத் தயாரித்ததில் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிராஜக்டுக்கு என்று மகனோ மகளோ பணம் கேட்டால், 'எந்தக் கடையில்?' என்று கேட்காதீர்கள். 'எந்த ஊருக்கு?' என்று கேளுங்கள். மன்றத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்க ஒரு நல்ல யோசனையும் ஒப்புக்கொள்ளும் ஓர் ஆசிரியரும் தேவை. தண்ணீர்க் குடமும் மண்மேடும் இங்கே தயாராகவே இருக்கின்றன.